குரையாத நாயும் குறை கூறும் எஜமானரும்

நாய் வாலை நிமிர்த்த இயலாது என்பது பெரியோர் வழக்கு. திருத்தவொண்ணாத சுபாவத்திற்கு உவமையாக இப்பழமொழி வழங்கி வருகின்றது. ஆனால் வால் சுருண்டிருப்பது நாயின் குற்றமா என்பதையும், அதனை நிமிர்த்த முயன்றவர் எதற்காக முயன்றார் என்பதையும் எவரும் ஆராய்வதில்லை. நாய் வளர்ப்பில் இன்று காணப்படும் துன்பங்களில் பெரும்பகுதி இவ்வாராய்ச்சி இல்லாமையினாலேயே நேர்கின்றது. துடியான நாய்க்குட்டியை ஆசையுடன் வாங்குவோர் பலர். அது வளர்ந்தபின் அதன் துடிப்பையே குற்றமாகக் கூறி, பகலெல்லாம் சங்கிலியில் பிணித்து வைப்போரும், ஊர்ப் புறத்தே கொண்டுபோய் விட்டு வருவோரும் அவர்களே. இதனால் கேடுறுவது அந்நாய் மட்டுமன்று. அண்டை வீட்டாரும், ஆட்டுப் பட்டி வைத்திருப்போரும், புகார் மனுக்களை விசாரிக்கும் கிராம உத்தியோகஸ்தர்களும் அதன் பயனை அனுபவிக்கின்றனர்.

இவ்விஷயத்தைத் தெளிவாக விளக்குவதற்குப் பஸெஞ்சி என்னும் ஆப்பிரிக்க ஜாதி நாயைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. அழகும், சுத்தமும், அறிவும் ஒருங்கே பெற்ற இந்நாய், வளர்ப்போர் பலரால் அடங்காப்பிடாரி என்று ஏசப்படுகின்றது. அவ்வேச்சு நியாயமானதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பிறப்பிடமும் தொழிலும்

பஸெஞ்சியின் தாயகம் மத்திய ஆப்பிரிக்காவின் காங்கோ நதிப் பிரதேசமாகும். ஆண் நாய் சுமார் 17 அங்குல உயரமும் 24 ராத்தல் எடையும் உள்ளது; பெட்டை அதனினும் ஓர் அங்குலமும் இரண்டு ராத்தலும் குறைவு. குறுகிய பளபளப்பான ரோமம், நிமிர்ந்த காதுகள், கவலையுற்றாற்போல் சுருக்கம் விழுந்த நெற்றி, இடுப்பின்மேல் இறுகச் சுருண்ட வால் ஆகியன இதன் அடையாளங்கள். ஏனைய நாய்களைப்போல் இது தொடர்ந்து குரைப்பதில்லை. குரல்வளையின் அமைப்பு வேறுபட்டிருத்தலால், மகிழ்ச்சி மிகுந்தபொழுது ஊளைக்கும் பாட்டிற்கும் இடைப்பட்டதோர் ஒலியை எழுப்பும். எப்பொழுதேனும் ஒரு முறை குரைத்துவிட்டு ஓய்வதும் உண்டு. குரைக்கிற நாய் கடிக்காது என்னும் பழமொழியை நம்பியிருப்போர் இந்நாயினிடம் எச்சரிக்கையாக இருத்தல் நலம். இது குரைப்பதுமில்லை, வேண்டியபொழுது கடியாமல் இருப்பதுமில்லை.

காங்கோ வனங்களில் வாழும் வேட்டைக் குடிகள் இந்நாயை வேட்டைத் துணையாக வைத்திருக்கின்றனர். நீண்ட வலைகளை மரங்களினூடே வளைத்துக் கட்டி, சிறு மான் வகைகளை நாய்களைக்கொண்டு அவ்வலைகளுக்குள் விரட்டுவது அவர்களுடைய முறை. நாய் ஒலி எழுப்பாமையால், அடர்ந்த புதரில் அது எங்கே ஓடுகின்றது என்பதை அறியும்பொருட்டு அதன் கழுத்தில் மரத்தாலான மணியைக் கட்டுவர். அவ்வேட்டையில் நாய் தன் எஜமானன் பார்வைக்கு அப்பால், தானே நினைந்து, தானே தீர்மானித்து, தானே ஓடவேண்டியதாக உள்ளது. ஒவ்வோர் அடிக்கும் எஜமானனைத் திரும்பிப் பார்த்து உத்தரவை எதிர்நோக்கும் நாய் அங்கே பயன்படாது. ஆகவே எத்தனையோ தலைமுறைகளாக அங்கே பிழைத்துப் பெருகியவை சுயபுத்தியுள்ள நாய்களே. இவ்வுண்மையை மறந்தவர் பஸெஞ்சியைப்பற்றிக் கூறும் எந்தக் குறையும் நிலைபெறாது.

இந்நாயை 1895-ம் வருஷத்திலேயே இங்கிலாந்திற்குக் கொண்டுவந்து காட்சியில் வைத்தனர். அந்நாய்கள் டிஸ்டெம்பர் என்னும் தொற்று நோய்க்கு இரையாயின. அதன் பின் 1923-ம் வருஷத்தில் சூடான் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவையும் நிலைக்கவில்லை. 1930-களின் பிற்பகுதியிலேயே அங்கு இவ்வினம் வேரூன்றியது. 1937-ம் வருஷத்தில் கிரஃப்ட்ஸ் காட்சியில் இந்நாய்களைக் காணப் பெருங்கூட்டம் கூடிற்று. அமெரிக்க நாய் வளர்ப்புக் கழகம் 1943-ம் வருஷத்தில் இதனைத் தனி இனமாக அங்கீகரித்தது. தாய் மண்ணில் வனத்தின் கடுமையைத் தாங்கி நின்ற பிராணி, அயல் தேசத்தில் ஒரு நோயைத் தாங்காது மடிந்தது என்பது கவனிக்கற்பாலது. புது விதையைப் புது மண்ணில் இடும் குடியானவர் அறியாத படிப்பினை அன்று இது.

ஒரு நாள் வாழ்க்கை

இத்தகைய நாய் குடும்பத்தில் எவ்வாறு வாழ்கின்றது என்பதை ஒரு நாள் நடப்பைக்கொண்டு அறியலாம்.

பொழுது விடியுமுன்னரே அது எழுந்துவிடும். முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்து, பூனையைப்போல் தன் பாதங்களையும் முகத்தையும் நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். இதன் உடலில் நாய் நாற்றம் மிகக் குறைவு. வீட்டார் எழுந்திராவிடின் அவர்கள் எழும்வரை விடாது எழுப்பும். காலையில் அரை மணி நேரமேனும் வேகமாக நடத்தியோ ஓட்டியோ வந்தால் முற்பகல் முழுதும் வெயில் விழும் இடமாகப் பார்த்துப் படுத்துறங்கும். அந்நடை தவறிய நாளில், வீட்டிலுள்ள செருப்பும், தலையணையும், கதவின் ஓரமும் அதன் பற்களுக்கு வேலை தரும். வீட்டார் இதனைப் பழி வாங்குதல் என்பர். உண்மையில், செலவிடப்படாத சக்தி தனக்கொரு வழி தேடிக்கொள்கின்றது, அவ்வளவே. மடை அடைபட்ட வாய்க்கால் கரையை உடைப்பதற்குப் பகை காரணமென்று எவரும் கூறார்.

மழைத்துளி மேலே பட்டால் அது வாசற்படியைத் தாண்டாது. ஈரத்தையும் குளிரையும் அவ்வளவு வெறுக்கும். ஆனால் அதே நாள் வேலியோரத்தில் ஓர் அணில் ஓடுமாயின் மழை என்பது நினைவுக்கு வராது. கண்ணால் கண்டும் மோப்பத்தால் அறிந்தும் வேட்டையாடுவது இதன் இயல்பாதலால், ஓடும் பொருள் எதுவாயினும் துரத்தும். மோட்டார் வண்டி ஓடும் பாதை குறுக்கிட்டாலும் நின்று யோசிப்பதில்லை. வார் இல்லாமல் திறந்த வெளியில் விடப்பட்ட பஸெஞ்சிகள் பல இவ்வாறே மடிகின்றன. கம்பி வலை வேலியை ஏணிபோற் பற்றி ஏறும்; ஏற முடியாவிடின் அடியில் பள்ளம் பறித்து நுழையும். ஆகவே ஆறடிக்குக் குறையாத, கால் வைக்க இடந்தராத வேலியும், வெளியே செல்லுங்கால் உறுதியான வாரும் இதற்கு இன்றியமையாதன.

சமையலறையில் எட்டாத உயரத்தில் வைத்த பண்டம், இழுக்கத்தக்க நாற்காலி பக்கத்தில் இருக்குமாயின் எட்டும் உயரத்திற்கு வந்துவிட்டதாகவே கொள்ளல் வேண்டும். தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றுக்கொள்வதும் உண்டு. மாலையில் மீண்டும் ஒரு நடை; அதன்பின் வீட்டார் அமர்ந்திருக்கும் இடத்தில் அவர்களை ஒட்டி, உடற்சூடு படுமாறு படுத்துக்கொள்ளும். தன் வீட்டாரிடம் மிக்க அன்பும், அயலாரிடம் ஒதுங்கி நின்று அளந்து பார்க்கும் குணமும் உடையது. எலி முதலியவற்றைப் பிடிப்பதில் கைதேர்ந்தது. ஆயின் அதே கைத்திறத்தைக் கோழிகளிடமும் காட்டும். கோழி வளர்க்கும் முற்றத்திற்கு இது ஏற்ற காவல் அன்று.

கீழ்ப்படிதலும் அறிவும்

நாய்களின் அறிவைப்பற்றி ஸ்டான்லி கோரன் என்னும் மனோதத்துவ ஆசிரியர் 1994-ம் வருஷத்தில் ஒரு நூல் வெளியிட்டார். கீழ்ப்படிதற் போட்டிகளின் நடுவர்களைக் கேட்டு அதில் அவர் வகுத்த வரிசையில், 79 இடங்களுள் பஸெஞ்சிக்குக் கிடைத்தது 78-வது இடம். இதைக்கொண்டு பஸெஞ்சி அறிவற்றது என்று முடிவு கட்டுவோர் உளர். அவ்வரிசை அளந்தது, எத்தனை முறை கூறினால் நாய் ஒரு கட்டளையைக் கற்றுக்கொள்கின்றது, முதல் முறை கூறியவுடன் எத்தனை தடவை செய்கின்றது என்பதையே. தாழ்ப்பாளைத் திறந்து, நாற்காலியை இழுத்து, வேலியில் பழுதான இடத்தை ஒரே நாளில் கண்டுபிடிக்கும் பிராணிக்கு அறிவில்லை என்பது பொருந்தாது. அதற்குள்ள அறிவு எஜமானனுடைய விருப்பத்திற்கு இசைந்து நடவாமை ஒன்றே குறையாகக் கூறப்படுகின்றது.

ஏரில் பழகிய கிழட்டு எருது சொன்னபடி திரும்பும். புதிதாகப் பூட்டிய துடியான காளை நுகத்தடியையே முறிக்கப் பார்க்கும். குடியானவர் எவரும் இவ்விரண்டில் கிழட்டு எருதை அறிவாளி என்று மெச்சி, காளையை விற்றுவிடுவதில்லை. காளையைப் பழக்கும் பொறுப்பு தம்முடையது என்பதை அவர் அறிவார். முதல் நாள் வெற்று நுகம், அடுத்து இலேசான பாரம், பின்னர் ஈர நிலத்தில் சிறு தூரம் என்று படிப்படியாகப் பழக்குகின்றார். மாட்டினிடம் காட்டும் இந்தப் பொறுமை நாயினிடம் மட்டும் எங்கே போய்விடுகின்றது என்பதே வியப்பு.

அடி பயன்படுமா?

அடித்து வளர்த்தால் எந்த நாயும் அடங்கும் என்பது பலருடைய அபிப்பிராயம். பஸெஞ்சியினிடம் இக்கொள்கை செல்லாது. ஓடிப்போன நாய் நெடுநேரம் கழித்துத் திரும்பி வருகின்றது; கோபங்கொண்ட எஜமானர் அதனை அடிக்கின்றார். ஓடியதற்காக அடித்ததாக அவர் எண்ணுகின்றார். நாயோ, திரும்பி வந்ததற்காக அடிபட்டதாக அறிந்துகொள்கின்றது. அடுத்த முறை அழைத்தால் கைக்கெட்டாத தூரத்திலேயே நின்றுவிடும். அடியினால் அது கற்ற பாடம் அதுவே.

இதற்கு மாறாக, நாள்தோறும் ஐந்து நிமிஷம் வீதம் இரண்டு மூன்று முறை பழக்கி, சொன்னதைச் செய்தவுடன் அது விரும்பும் தின்பண்டத்தில் ஒரு சிறு துண்டு கொடுத்து வந்தால் விரைவிற் கற்றுக்கொள்ளும். அழைத்தவுடன் வந்தால் ஒருபோதும் தண்டனை இல்லை என்பதை அது நிச்சயமாக நம்பவேண்டும். நீண்ட பாடம் அதற்குச் சலிப்பைத் தரும். சலித்தபின் தின்பண்டமும் பயன்படாது. குட்டிப் பருவத்தின் முதல் சில மாதங்களில் பலவகை மனிதர்களையும், குழந்தைகளையும், ஏனைய பிராணிகளையும் அமைதியாகக் கண்டு பழகச் செய்தல் மிக அவசியம். அக்காலத்தை வீணாக்கியவர் பின்னர் நாயைக் குறை கூறுவது, பட்டம் தவறி விதைத்தவர் மண்ணைக் குறை கூறுவதை ஒக்கும்.

இவ்வளவு தொல்லை தரும் நாயை வைத்திருப்பதே வீண் என்று வேறு சிலர் கூறுவர். அவர்கள் கூற்றில் ஒரு பாதி உண்மையுண்டு. நாள்தோறும் ஒரு மணி நேரம் செலவிட இயலாதவரும், பகல் முழுதும் வீட்டைப் பூட்டிச் செல்வோரும், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும் பணியாளை நாயினிடம் எதிர்பார்ப்போரும் இதனை வாங்காதிருத்தலே தருமம். ஆனால் அது அவர்களுடைய வாழ்க்கை முறைக்கு இந்நாய் பொருந்தவில்லை என்பதைக் காட்டுமேயன்றி, நாயின் இழிவைக் காட்டாது. களர் நிலத்தில் வாழை விளையாமை வாழையின் பழுதன்று.

நோயும் பராமரிப்பும்

ஆரோக்கியமான பஸெஞ்சி 12 முதல் 14 வருஷம்வரை வாழக்கூடியது. ஆகவே வாங்குகின்றவர் அத்தனை வருஷங்களுக்குப் பொறுப்பேற்கின்றார். இவ்வினத்தில் பரம்பரையாக வரும் நோய்களுள் முக்கியமானது ஃபான்கோனி எனப்படும் சிறுநீரக நோய். இரத்தத்தில் சர்க்கரை மிகாதிருக்கவே, சிறுநீரில் சர்க்கரையும் பிற சத்துக்களும் வெளியேறிவிடும். அதிகமாக நீர் பருகுதலும் அதிகமாகச் சிறுநீர் கழித்தலும் இதன் அறிகுறிகள். சிறுநீரில் சர்க்கரை உள்ளதா என்று காகிதப் பட்டைகொண்டு மாதம் ஒருமுறை வீட்டிலேயே சோதிக்கலாம். 2011-ம் வருஷத்திலிருந்து இந்நோய்க்குரிய மரபுக் குற்றத்தை நேரே கண்டறியும் பரிசோதனை உள்ளது. இனப்பெருக்கம் செய்வோர் தாய் தந்தை இரண்டையும் சோதித்த சான்று இல்லாமல் குட்டி விற்பது நேர்மையன்று. வாங்குவோர் அச்சான்றைக் கேளாதிருப்பதும் அறியாமையேயாகும்.

அயல் தேசங்களில் இவ்வினம் சில நாய்களிலிருந்தே பெருகியதால் இரத்தம் குறுகி இத்தகைய நோய்கள் பரவின. அதனைத் திருத்தும்பொருட்டு அமெரிக்க வளர்ப்பாளர் மீண்டும் ஆப்பிரிக்காவிற்கே சென்று புதிய நாய்களைக் கொண்டுவந்தனர். 1990-ம் வருஷத்தில் அமெரிக்கக் கழகம் தன் வமிசப் பதிவேட்டை அவற்றிற்குத் திறந்துவிட்டது. வேற்று நாட்டார் பெரும் பொருள் செலவிட்டுத் தேடிச் சென்றது, காட்டுக் குடிகள் எவ்விதப் பதிவேடும் இன்றிக் காத்து வைத்திருந்த இரத்தத்தையே. மூல இனத்தை அதன் சொந்த இடத்திலேயே அழியாமல் வைத்திருத்தல் எத்துணை முக்கியம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

வாசகர்களுக்குரிய படிப்பினை

இப்பத்திரிகையின் வாசகர்களுள் பஸெஞ்சி வளர்ப்போர் அரியர். ஆயினும் அதன் குணங்களைப் படிக்கையில் அவர்களுக்குத் தங்கள் ஊர்நாயின் நினைவு வந்திருக்கும். நிமிர்ந்த காது, சுருண்ட வால், குறுகிய ரோமம், சுயபுத்தி ஆகிய யாவும் தென்னாட்டு ஊர்நாயினிடத்தும் உண்டு. பஸெஞ்சிப் பெட்டை வருஷத்திற்கு ஒருமுறையே பருவத்திற்கு வரும். ஊர்நாய்களும் பெரும்பாலும் அவ்வாறே. இவையன்றி, இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என வேட்டைக்கும் காவலுக்கும் பேர்பெற்ற ஜாதிகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. இராஜபாளையம் நாயின் உருவம் 2005-ம் வருஷத்தில் இந்தியத் தபால் தலையிலும் இடம்பெற்றது. இவையும் துடியானவை, இவையும் ஓட இடமும் செய்யத் தொழிலும் வேண்டுபவை. இரண்டடிச் சங்கிலியில் பகல் முழுதும் கிடந்த சிப்பிப்பாறை, அவிழ்த்துவிட்ட இரவில் பக்கத்துப் பட்டியில் ஆட்டைக் கடிக்குமாயின், குற்றம் யாருடையது என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

சட்டமும் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. 1960-ம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, எந்தப் பிராணியையும் மிகக் குட்டையான அல்லது மிகப் பளுவான சங்கிலியில் அளவுகடந்த நேரம் கட்டி வைத்தல் குற்றமாகும். வழக்கமாகக் கட்டி வைக்கப்படும் நாயைப் போதிய அளவு உலாவ விடாமையும், தக்க காரணமின்றிப் பசிக்கும் தாகத்திற்கும் உள்ளாகுமாறு கைவிடுதலும் அவ்வாறே குற்றம். நாய்த் தொல்லை குறித்துப் புகார் வருங்கால், தெருவிலுள்ள நாயை மட்டும் நோக்காமல், அதனைத் தெருவிற்கு அனுப்பிய வீட்டையும் கிராம உத்தியோகஸ்தர்கள் நோக்குதல் வேண்டும்.

வெறிநோய்த் தடுப்பு ஊசி எல்லா நாய்க்கும் இன்றியமையாதது. குட்டிக்கு மூன்று மாதமானவுடன் முதல் ஊசியும், பின்னர் கால்நடை மருத்துவர் கூறும் தவணைப்படி வருஷந்தோறும் ஊசியும் போடுவித்தல் வேண்டும். நாய் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்வது கடமை. சுண்ணாம்பும் மிளகாயும் அப்புவதாலும், மந்திரிப்பதாலும் நேரம் கழியுமேயன்றி நோய் நீங்காது. அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. வயிற்றில் பல ஊசிகள் குத்திய பழைய முறை இப்பொழுது இல்லை. ஆதலின் அதற்கஞ்சி எவரும் ஒளியவேண்டுவதில்லை.

நிலம் வாங்குகின்றவர் மண்ணையும் நீரையும் பார்க்கின்றார். விதை வாங்குகின்றவர் பருவத்தைப் பார்க்கின்றார். மாடு வாங்குகின்றவர் பல்லையும் சுழியையும் பார்த்து, உழவுக்கா வண்டிக்கா என்று தமக்குள் கேட்டுக்கொள்கின்றார். நாய் வாங்குகின்றவர் மட்டும் குட்டியின் முகத்தைப் பார்த்து மயங்கி விலை கொடுக்கின்றார். இந்நாய் எத்தொழிலுக்காக வளர்ந்த இனம், அத்தொழிலுக்கு ஈடாக இங்கே அதற்கு என்ன உண்டு, தமக்கு நாள்தோறும் எவ்வளவு ஓய்வு உண்டு, தம் வேலி எவ்வளவு உயரம் என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை கண்டபின் வாங்குபவர், பஸெஞ்சியை வாங்கினாலும் ஊர்நாயை எடுத்து வளர்த்தாலும் வருந்தமாட்டார். அவ்விடை காணாதவர் வால் நிமிரவில்லை என்று பன்னிரண்டு வருஷம் குறை கூறிக்கொண்டிருப்பார். வாலோ, சுருண்டபடியே இருக்கும்.